ஒண்ணுன்னா போ

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவருக்கு முன்னாடி போயிடாதடி. பின்னாலயே வா. உன் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும்."

"சரிக்கா," என்றாள் துளி.

விடிந்தும் விடியாத நேரம். வாசலில் மாமா வண்டியின் உறையை உருவிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். விழாதவர் போல வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை.

துளி என்பது அவளுடைய பெயரல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் வந்த பெயர். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி, பிறகு சாயம், பிறகு மைக்ராஸ்கோப் என்று அவளுடைய பகல் போகும். பேச்சும் அவளுக்குத் துளித்துளியாகத்தான் வரும் என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் மேல் மாடியில் பரிசோதனைக் கூடம், நடு மாடியில் ஒரு பல் டாக்டர், கீழே மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர்தான் மாமா. முன்பு ஒருநாள் துளிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, வெயிலில் வந்த தலைவலிக்கு மாத்திரை கேட்டுக் கடை முன்னால் நின்றாள். "மாத்திரை கேட்டு வந்தவ கடையையே எடுத்துக்கிட்டா" என்று மாமா இன்றைக்கும் சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு துளி அவரை மாமா என்று கூப்பிடப்போய், கட்டடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவரைவிட வயதில் மூத்த கேப்டனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கேப்டன் பரிசோதனைக் கூடத்தின் சாம்பிள் வண்டியை ஓட்டுபவர். முன்பு மலையில் லாரி ஓட்டியவர். பல் டாக்டரான டாக்டரக்காவையும் சேர்த்து நாலு பேரும் விடுமுறை நாட்களில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்தது போன வருஷம் நின்றது. மழை நாளில் தெருமுனையில் மாமாவின் வண்டி வழுக்கி, அவர் தோள் அடிபட விழுந்து, பின்னால் வந்த லாரி அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எலும்பில் தகடு வைத்தார்கள். தோள் ஆறியது. ஆனால் வண்டி உறைக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா உறையை எடுப்பார், துடைப்பார், ஸ்டார்ட் செய்வார், கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்பார், அணைத்துவிட்டு உள்ளே வந்து பேப்பர் படிப்பார்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக மறுபடியும் கிளம்புகிறார். அதுவும் மலைக்கு.

தெருமுனையில் கேப்டனும் டாக்டரக்காவும் காத்திருந்தார்கள். கேப்டன் வழக்கம்போலச் சட்டத்தை வாசித்தார்.

"ரோடு பிரியுற இடத்துல முன்னாடி போறவங்க நிக்கணும். பின்னால வர்றவங்க பார்த்துட்டு லைட் அடிக்கணும். ஒண்ணுன்னா, பார்த்துட்டேன், நீ போ. ரெண்டுன்னா, நில்லு, எனக்கு என்னமோ ஆச்சு. மேல டவர் கிடைக்காது. ஹார்ன் அடிச்சா அது எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மலைக்கே தெரியாது. லைட்தான் பேச்சு."

"மூணு அடிச்சா?" என்றாள் டாக்டரக்கா.

"மூணு அடிச்சா பேட்டரி போகும். உங்க பல்லு மாதிரி மறுபடி வச்சுக் கட்ட முடியாது."

"மாமா, ஞாபகம் இருக்கா?" என்று திரும்பினார் கேப்டன்.

"ஒரு வருஷம் படுத்திருந்தது தோளு. மூளை இல்ல," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையுறையை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்ததைத் துளி பார்த்தாள்.

சமவெளி முடிகிறவரை ஒன்றும் தெரியவில்லை. நீளமான நேர்ச்சாலை, எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். மலை தொடங்கியதும் மாமாவின் வண்டி சுருங்கியது போல ஆயிற்று. ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பே பிரேக் பிடித்தார். வளைவில் வண்டியைச் சாய்க்காமல், கால் இரண்டையும் லேசாகக் கீழே தொங்கவிட்டு, சைக்கிள் பழகுகிறவர் போலத் திருப்பினார். பின்னால் வந்த துளிக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகும், அணையாமல் எரிந்த சிவப்பு விளக்கும்தான். கேப்டனும் டாக்டரக்காவும் வளைவுகளுக்கு அப்பால் மறைந்துவிட்டார்கள். ஒரு பால் வண்டி அவளைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த கன்றுக்குட்டி அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

துளிக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் அவள். வண்டியில் ஏறினால் கைக்கு வேலை இருக்கிறது, காலுக்கு வேலை இருக்கிறது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். மலைச்சாலையில் ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு தொடங்குவதற்குள் வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். அதற்காகத்தான் அவள் வாரம் முழுக்க வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தாள். இன்றைக்கு அந்த வளைவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நடந்து போகிற வேகத்தில், வீணாகிப் போய்க்கொண்டிருந்தன.

'விழுந்தது தோள்தானே, இன்னுமா' என்று ஒருமுறை நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அடுத்த வளைவில் மறுபடியும் அதையே நினைத்தாள்.

பாதி மலையில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, எதிரே முட்டைக்கோஸ் வயல்கள் படிப்படியாகக் கீழே இறங்கின. கேப்டன் இரண்டாவது டீயை முடித்திருந்தார்.

"வாங்க மாமா, வாங்க. நாங்க போய்ச் சேர்ந்து, ரூம் எடுத்து, குளிச்சிட்டுத் திரும்பி வரலாமான்னு பார்த்தோம்."

"இயற்கையை ரசிச்சுக்கிட்டு வந்தேன்யா. உங்களை மாதிரி தார் ரோட்டை ரசிக்கல."

"இயற்கை உங்களைத் தாண்டிப் போச்சா, நீங்க இயற்கையைத் தாண்டி வந்தீங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றி முழுக்க வியர்வை. அவ்வளவு குளிரில் வியர்வை. டீ கிளாஸை ஒரு கையால் எடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துளி அதைப் பார்த்தாள். கவனிப்பது அவள் வேலை. எதையும் பார்க்காமல் விட்டவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

"துளி, ஏன் மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்றாள் டாக்டரக்கா.

"ஒண்ணும் இல்லக்கா."

"மச்சினிக்கு என் சைலன்ஸர் புகை ஒத்துக்கல," என்றார் மாமா.

அந்த இடத்தில்தான் அவள் சொன்னாள். மற்றவர்கள் எழுந்து வண்டிக்குப் போன பிறகு, மெதுவாக, கீழே பார்த்துக்கொண்டே: "மாமா, இனிமே நான் முன்னாடி போகட்டுமா?"

அவர் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "போயேன். நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். பின்னால ஆள் இருந்தா பரீட்சை ஹால்ல வாத்தியார் நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"அக்கா…"

"அக்கா கிட்ட யார் சொல்லப்போறா? போ."

அவள் போனாள்.

முதல் சில வளைவுகளில் கண்ணாடியில் அவருடைய விளக்கைப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு கண்ணாடியைப் பார்ப்பது குறைந்தது. சாலை காலியாக இருந்தது. ஒரு பக்கம் ஈரமான பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று, தூரத்தில் ஒரு நதி நூல் மாதிரி. வண்டி அவள் நினைத்த இடத்துக்கு நினைப்பதற்கு முன்பே போயிற்று. யாரும் பார்க்காததால் ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்தாள்.

அப்படியே போய்ச் சாலை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். இடது பக்கம் உச்சிக்குப் போகும் சாலை. தூரத்தில் டாக்டரக்கா நின்று கைகாட்டிவிட்டு மறைந்தாள். வலது பக்கம் ஒரு கல்குவாரிக்கு இறங்கும் சாலை, இரண்டு புறமும் உயரமான மண்சுவர். எந்தப் பக்கம் எது என்று சொல்லும் பலகை எப்போதோ சாய்ந்து புல்லுக்குள் கிடந்தது. துளி வண்டியை இடதுபக்கம் திருப்பி நிறுத்தி, காலை ஊன்றி, கீழே பார்த்தாள். வந்த சாலை அங்கிருந்து மடிந்து மடிந்து தெரிந்தது.

வெகுநேரம் நின்றது போல இருந்தது. உண்மையில் வெகுநேரம் இல்லை. கீழ் வளைவில் மாமாவின் வண்டி வந்தது. வந்து, நின்றது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

அவள் கையைத் தூக்கினாள். கியர் போட்டாள். கையைக் கீழே இறக்கும்போது, கண்ணின் ஓரத்தில், விளக்கு மறுபடியும் அணைந்து எரிந்தது.

சாலை மேடுபள்ளத்தில் விளக்கு நடுங்கும். அது வேறு. நிற்கிற வண்டியின் விளக்கு நடுங்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூடத்தில் ஒரு தகட்டில் சந்தேகம் வந்தால், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் உட்கார்ந்து அதை மறுபடி வைத்துப் பார்ப்பவள் அவள். "துளி பார்த்துட்டாளா, அப்ப சரி" என்று மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே சாயம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம். தலையைத் திருப்பினால் போதும். திருப்பினால் நிற்க வேண்டியிருக்கும். நின்றால் கீழே இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் மறுபடியும் அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னால்.

ஒண்ணுதான், என்று சொல்லிக்கொண்டாள். கிளட்சை விட்டாள்.

உச்சியில் புல்வெளி. காற்று ஆளைத் தள்ளியது. கேப்டன் புல்லில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டரக்கா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். துளியையும் இழுத்துத் தோளோடு சேர்த்து ஒன்று எடுத்தாள்.

"சிரிடி. உன் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு, நானே பார்த்திருக்கேன்."

துளி சிரித்தாள். அந்தப் படத்தில் அவள் சந்தோஷமாக இருப்பாள். அவளுக்கு அது எடுக்கும்போதே தெரிந்தது.

மாமா வரவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகும் வரவில்லை.

"துளி, பிரியுற இடத்துல நின்னேல்ல?" என்றார் கேப்டன்.

"நின்னேன்."

"லைட் அடிச்சாரா?"

"அடிச்சார்."

"எத்தனை?"

சாதாரணமாகத்தான் கேட்டார், புல்லைப் பிடுங்கிக்கொண்டே. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணு," என்றாள் துளி.

"அப்ப சரி. ஒண்ணுன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. எங்கயாவது நின்னு இயற்கையை ரசிப்பார். வரட்டும்." கேப்டன் தொப்பியை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்தார்.

கேப்டனின் சட்டம் அப்படி. ரெண்டு என்று அவள் சொல்லியிருந்தால் அவர் தொப்பியை எடுப்பதற்கு முன் வண்டியை எடுத்திருப்பார். அவள் சொன்ன ஒரு சொல் மூன்று பேரையும் அந்தப் புல்லில் கட்டிப்போட்டது. அதை அவிழ்க்க இன்னொரு சொல் போதும். 'இல்ல, ரெண்டு மாதிரி இருந்தது.' அவ்வளவுதான். அவள் அதை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த கேள்வி வந்து நின்றது: அப்ப ஏன் வந்த? நேரம் போகப்போக அந்தச் சொல் கனத்துக்கொண்டே போனது. முதலில் சொல்லியிருந்தால் பிசகு. இப்போது சொன்னால், முன்பு சொன்னது பொய் என்றாகிவிடும்.

டாக்டரக்காதான் கடைசியில் எழுந்தாள். "ரசிச்சது போதும். வாங்க, போய்ப் பார்ப்போம்."

பிரியும் இடத்தில் யாரும் இல்லை. கீழே டீக்கடைவரை போனார்கள்; கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கேப்டன் மறுபடி மேலே ஏறி, பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, வலதுபக்கச் சாலையைப் பார்த்தார். ஈர மண்ணில் ஒற்றை டயர் தடம் இறங்கிப் போயிருந்தது.

விடுமுறை என்பதால் குவாரியில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு வளைவுக்குக் கீழே, சாலை முழுக்க ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தில், வண்டி வலதுபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் மாமாவின் கால். அவர் முழங்கையை ஊன்றிப் பாதி உட்கார்ந்த மாதிரி கிடந்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தார்.

"வந்துட்டீங்களா," என்றார். குரல் காய்ந்திருந்தது. "சாப்பாடு முடிஞ்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் வண்டியைத் தூக்கினார்கள். தூக்கியபோது அவர் போட்ட சத்தம் துளி அதுவரை கேட்டிராத சத்தம். கணுக்கால் வேறொருவருடைய கால் போலத் திரும்பியிருந்தது. சைலன்ஸர் பட்ட இடத்தில் பேன்ட் துணி கெண்டைக்காலோடு ஒட்டிப்போயிருந்தது. டாக்டரக்கா மண்டியிட்டு, "தொடாதீங்க, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

துளி சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தாள். ஏன் தொட்டாள் என்று தெரியவில்லை. அது குளிர்ந்திருந்தது. காலோடு சேர்ந்தே ஆறியிருக்கிறது. அது ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் தான் எங்கே இருந்தோம், டாக்டரக்காவின் செல்போனில் எப்படிச் சிரித்தோம் என்று அவளுடைய மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. நிறுத்தச் சொன்னால் அது கேட்கவில்லை.

"எதுக்கு மாமா இந்த ரோட்டுல வந்தீங்க?" கேப்டனுக்குப் பயம் கோபமாகத்தான் வரும். "அவ பிரியுற இடத்துல நின்னாளே. நீங்க பார்த்து லைட் அடிச்சீங்களே. அடிச்சீங்களா இல்லையா?"

"அடிச்சேன்."

"எத்தனை?"

துளி வாயைத் திறந்தாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த மண்சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு."

"ஒண்ணு அடிச்சா அவ எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறான்னு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. இறங்கி ஓரமா ஒதுங்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா இடமா வலமான்னு குழம்பிடுச்சு."

"குழம்பிடுச்சா? மாத்திரைக் கடை வச்சிருக்கீங்க, காலைக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணுன்னு ஊருக்கே எழுதிக் குடுக்கிறீங்க. இடமா வலமான்னு குழம்பிடுச்சா?"

"விடுய்யா. வயசாயிடுச்சு."

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு வண்டி பிடிக்கப் போனார்.

காய்கறி ஏற்றும் ஒரு சின்ன லாரி கிடைத்தது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே மாமாவைப் படுக்கவைத்தார்கள். அவர் வண்டியையும் துளியின் வண்டியையும் டீக்கடையில் விட்டார்கள். கேப்டனும் டாக்டரக்காவும் தங்கள் வண்டிகளில் பின்னால் வர, துளி மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவர் பல்லைக் கடித்தார். அவள் அவருடைய தலையை ஒரு மூட்டையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே பேசினார்.

"நான் ரெண்டு அடிச்சேன், துளி."

அவள் அவர் தலைக்கடியில் இருந்த மூட்டையைச் சரிசெய்தாள்.

"உன்மேல தப்பு இல்ல. ரெண்டாவது கொஞ்சம் தள்ளி அடிச்சேன். அதுக்குள்ள பாறை மறைச்சிருக்கும். நீ கையைத் தூக்கினதைப் பார்த்தேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல ஒண்ணு போதும்னுதான் நெனச்சேன். நீ கிளம்பிட்டேன்னு பார்த்ததும் பயம் வந்துடுச்சு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான். அந்த வளைவுல இருந்து கை ரெண்டும் என் பேச்சைக் கேட்கல. நீ இறங்கி வந்து எனக்கு முன்னாடி மெதுவாப் போனா, உன் டயரையே பார்த்துக்கிட்டு வந்துடலாம்னு பார்த்தேன்."

"அந்தப் பக்கம் ஏன் போனீங்க மாமா?"

"உச்சிக்குப் போற ரோட்டுல ஓரத்துல ஒண்ணுமே இல்லையே. வெறும் ஆகாசம். குவாரி ரோட்டுல ரெண்டு பக்கமும் சுவரு இருந்துது. அங்க போய் நின்னுக்கிட்டா நீங்க திரும்பி வர்றப்போ கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார். "கேப்டன்கிட்ட இதைச் சொன்னா அடுத்த வருஷம்வரைக்கும் சிரிப்பார். சிரிச்சுட்டுப் போகட்டும். உங்க அக்கா சிரிக்க மாட்டா. பாவம்னு பார்ப்பா. ஒரு வருஷமா அப்படித்தான் பார்க்கிறா. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இன்னைக்குக் கிளம்பினதே. அவகிட்ட ஒண்ணுன்னே இருக்கட்டும், என்ன?"

லாரி ஒரு வளைவில் திரும்பியது. மூட்டைகள் ஒரு பக்கமாக நகர்ந்தன. அவள் அவர் காலில் எதுவும் இடிக்காமல் முதுகைக் கொடுத்துத் தடுத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே முடியாது என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பதற்கு எல்லாமே தயாராக இருந்தது. பாறையைக்கூட அவரே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"பாறை மறைக்கல மாமா."

அவர் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவதையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். மேல கேப்டன் கேட்டப்பவும் ஒண்ணுன்னு சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று இருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தைத் திருப்பி, பக்கத்து மூட்டையின் சணல் தையலைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை முடிந்து, சாலை நேராகி, லாரி வேகம் எடுத்தது.

"சரி," என்றார் கடைசியில். "அப்ப ரெண்டு பேருக்குமே ஒண்ணுதான்."

"நான் அக்காகிட்ட சொல்லிடறேன் மாமா."

"நீ சொன்னா நான் எதுக்கு ரெண்டு அடிச்சேன்னு அவ கேட்பாளே." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "உன் மனசு லேசாகணும்னு என் மானத்தை எடுத்து வைக்காத."

அதற்குப் பிறகு மச்சினி என்றோ துளி என்றோ அவர் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டியபோது, "தண்ணி" என்றார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டு, புண்ணுக்கு மருந்து வைத்து, வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேப்டன் போனில் எல்லாம் சொல்லிவிட்டதால் அக்கா அழவில்லை. அழுது முடித்திருந்தாள். மாமாவைக் கட்டிலில் படுக்கவைத்து, காலுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எல்லோரையும் அனுப்பினாள். துளியை மட்டும் அனுப்பவில்லை.

"கை கால் கழுவிட்டு வா. சாப்பிட்டிருக்க மாட்டே."

சமையலறைத் தரையில் தட்டு வைத்தாள். சோறும் குழம்பும் இருந்தன. துளி உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை.

"அக்கா."

"ம்."

"நான் அவருக்குப் பின்னால வரல. முன்னாடி போயிட்டேன். நான்தான் கேட்டுப் போனேன். மெதுவாப் போறார்னு."

சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதுவரைக்கும் அவளுடையது. அதற்கு அடுத்த வரியில் மாமா படுத்திருந்தார்.

அக்கா கரண்டியோடு நின்றாள். முகம் ஒரு கணம் இறுகியது. துளி அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது விழட்டும், என்ன விழுந்தாலும் சரி. ஆனால் அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது.

"கேப்டன் சொன்னார்," என்றாள் அக்கா. "நீ நின்னு பார்த்தியாமே. அவர்தான் போன்னு லைட் அடிச்சாராமே."

துளி தட்டைப் பார்த்தாள்.

"அடிச்சாரா இல்லையா?"

"அடிச்சார்."

"அப்புறம் நீ என்னடி பண்ணுவ?" அக்கா குனிந்து அவள் தலைமுடியில் சிக்கியிருந்த காய்ந்த கோஸ் இலையை எடுத்துப் போட்டாள். "பின்னால போயிருந்தா மட்டும் விழுறவரைத் தாங்கிப் பிடிச்சிருப்பியா? உன் உடம்புக்கு? லாரியில அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு வந்தியாமே. டாக்டரம்மா சொன்னாங்க. நீ இல்லன்னா என்ன ஆகியிருக்கும்."

உள்ளேயிருந்து மாமா அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு ஓடினாள். அறைக்குள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மாமா ஏதோ சொல்ல, அக்கா முதல்முறையாகச் சிரித்தாள்.

துளி ஒரு வாய் எடுத்து வைத்தாள். இறங்காது என்று நினைத்தாள். இறங்கியது. காலையிலிருந்து ஒரு டீயோடு இருந்த வயிறு. அதற்கு எதுவும் தெரியாது. அடுத்த வாயைப் பெரிதாக எடுத்தாள். தட்டு காலியானதும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அக்கா வருவதற்குள், சத்தம் கேட்காமல் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.